அறுபத்திரண்டு கிலோ

பியட்டை இறக்கத்தில் இரண்டாவது கியரில் விட்டால் முனகுகிறது. வாய்விட்டுச் சொன்னால் லூர்துவுக்குக் கோபம் வரும். அம்பாசிடர் முனகாது, உறுமும். நேற்று இதே இருபதாம் வளைவில் இதே நேரத்தில் என் அம்பாசிடர் உறுமிக்கொண்டே இறங்கியது, பிரேக்கில் காலை வைக்கவே வேண்டியிருக்கவில்லை. இது அப்படியில்லை, கொஞ்சம் விட்டால் கன்றுக்குட்டி மாதிரி ஓடுகிறது, பிடித்துப் பிடித்துத்தான் கொண்டுபோக வேண்டும். ஆனால் திரும்புகிறது. கொண்டை ஊசி வளைவில் அம்பாசிடருக்கு ஸ்டியரிங்கைக் கை மாற்றி மாற்றிச் சுற்ற வேண்டும், இதற்கு மனசில் நினைத்தாலே போதும் போலிருக்கிறது, மூக்கு தானாகத் திரும்பிவிடுகிறது. இதையும் வாய்விட்டுச் சொல்லப்போவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான், பிலோமினாவின் தம்பி, முப்பத்தைந்து வருஷம் ஏற்காட்டில் இந்த வண்டியை டாக்ஸியாக ஓட்டியவன், இன்றைக்குத் தன் வண்டியிலேயே விருந்தாளி மாதிரி கைகளை மடியில் வைத்துக்கொண்டு. "கிளட்சுல காலை வச்சுக்கிட்டே போவாதீங்க மாமா, தேஞ்சுரும்" என்கிறான். நாற்பது வருஷம் எஸ்டேட் முதலாளிக்கு வண்டி ஓட்டினவனுக்கு இவன் கிளட்ச் சொல்லித் தருகிறான். சரி, காலை எடுத்தேன். பின் ஸீட்டில் மூட்டை படுத்திருக்கிறது. காப்பிக்கொட்டை ஐம்பது கிலோ, கால்மாட்டில் அரிசிப் பை பன்னிரண்டு கிலோ, மொத்தம் அறுபத்திரண்டு, பிலோவின் எடை. மூட்டையில் முதுகு வருகிற இடத்தில் முஷ்டியால் குத்திக் குழி பண்ணி எவர்சில்வர் தம்ளரை உட்கார்த்தி, விளிம்பு தொடத் தொடத் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். அடிவாரம் போய்ச் சேரும்போது எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்க்க வேண்டும். திங்கட்கிழமை பிலோவைச் சேலம் ஆஸ்பத்திரிக்கு எந்த வண்டியில் படுக்க வைத்துக் கொண்டுபோவது என்பதை அந்தத் தம்ளர்தான் சொல்லும்.

தம்ளர் என் கண்டுபிடிப்பு இல்லை, முதலாளியுடையது. எனக்கு அப்போது இருபத்தாறு வயசு, லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன், எஸ்டேட்டில் டிரைவர் வேலை என்று போய் நின்றேன். அவர் லைசென்ஸைப் பார்க்கவில்லை. சமையல்காரரைக் கூப்பிட்டு ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, அதைக் கையில் பிடித்துக்கொண்டு அம்பாசிடரின் பின் ஸீட்டில் ஏறி, "ஏரி வரைக்கும் போயிட்டு வா இன்னாசி. என் வேட்டி நனைஞ்சா நீ லாரிக்கே போயிரலாம்" என்றார். வேட்டி நனையவில்லை. அன்றைக்குப் பிடித்தது, பின் ஸீட்டில் இருக்கிறவர்களின் உடம்பை என் உடம்பாக வைத்துக்கொண்டுதான் ஓட்டினேன். பள்ளம் முன் சக்கரத்துக்கு வருவதற்கு முன்னால் என் இடுப்புக்கு வந்துவிடும். முதலாளி தூங்குவார், அவர் தூக்கம் கலையாமல் இருபது வளைவும் இறங்குவேன், ஏறுவேன். ரிட்டையர் ஆன அன்றைக்கு அந்த வண்டியின் சாவியையே என் கையில் வைத்துவிட்டார். நேற்று தம்ளரில் இரண்டு விரற்கடைதான் குறைந்திருந்தது. இரண்டே இரண்டு. அதுவும் பதினோராம் வளைவில் ஒரு குரங்கு குறுக்கே வந்ததால். குரங்கு வராமலிருந்தால் ஒன்று. பின்சக்கரத்துக்கு மேலே அந்தப் பட்டை வில், லீஃப் ஸ்பிரிங், இருக்கிறதே, எஸ்டேட் சாலையின் கல்லையெல்லாம் வாங்கி விழுங்கிவிட்டு மேலே ஒன்றும் சொல்லாது. ஆனால் ஆட்டும். வளைவில் உடம்பைச் சாய்த்து, அப்புறம் யோசித்து, அப்புறம் நிமிரும். பியட் சாயாது. சாயாது, ஆனால் தட்டும், சின்னச் சின்னக் கல்லையும் எண்ணிச் சொல்லும். அப்படியானால் ஆட்டுவது நல்லதா தட்டுவது நல்லதா. முதுகெலும்பு வெந்த கிழங்கு மாதிரி ஆகிவிட்ட ஒருத்திக்கு.

பதினெட்டாம் வளைவு. கண்ணாடியில் பார்க்கிறேன், தம்ளர் நிற்கிறது. "முதுகெலும்புல பரவியிருக்கு, ஒரு குலுக்கல் போதும், உடைஞ்சா இடுப்புக்குக் கீழ போயிரும்" என்று டாக்டர் சொன்னாராம். சொன்னாராம் என்றால் லூர்துவிடம் சொன்னார். நான் கீழே வண்டியோடு இருந்தேன். போன வாரம் ஆம்புலன்ஸில் அவளைக் கொண்டுபோனபோது நான் பின்னாலேயே அம்பாசிடரில் போனேன், ஆஸ்பத்திரி வாசலில் அவளை இறக்கினார்கள், லூர்துவும் அவன் பெண்சாதி ரெஜினாவும் கூடவே உள்ளே போனார்கள், நான் வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு நின்றேன். டிரைவர் உள்ளே போவதில்லை. நாற்பது வருஷத்தில் எத்தனை ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம், கோர்ட்டு, எதற்குள்ளும் நான் போனதில்லை, வெளியே நின்று கண்ணாடியைத் துடைப்பேன். அன்றைக்கும் துடைத்தேன். மூன்று மணி நேரம், நான்கு கண்ணாடி. லூர்து வந்து சொன்னான், ஒரே ஒரு நாள் கரண்ட் வைத்தால், புற்றுநோய்க்கு வைக்கிற அந்தக் கதிர் வைத்தியம், வலி குறையும், வலி மட்டும்தான் குறையும், வேறொன்றுமில்லை. வேறொன்றுமில்லை என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை, வைப்பரில் கசடு இருந்தது, அதை எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த ஆம்புலன்ஸில் அவள் மறுபடி ஏறமாட்டாள். ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவள் கத்தியது பின்னால் வந்த எனக்குக் கேட்டது, கண்ணாடி ஏற்றியிருந்தும் கேட்டது. புது வண்டிகள் உதவாது. ஸீட்டெல்லாம் குழி குழியாக, ஆளை மடக்கித்தான் உள்ளே தள்ள முடியும். நீட்டிப் படுக்க வைக்கிற மாதிரி பெஞ்சு ஸீட்டு இந்த ஊரில் இரண்டே வண்டியில்தான் இருக்கிறது. என்னுடையது, இவனுடையது. போக இருபது வளைவு, வர இருபது வளைவு. கரண்ட் வைக்காவிட்டால் அவள் இப்படியே, ராத்திரியும் பகலும் பல்லைக் கடித்துக்கொண்டு. மாத்திரை கேட்பதைக்கூட நிறுத்திவிட்டாள்.

பதினாலு, பதிமூன்று. பதிமூன்றாம் வளைவு வந்தால் எனக்கு எப்போதும் மூக்கில் வாந்தி வாசனை வரும், நாற்பத்தொரு வருஷமாகியும் வருகிறது. கல்யாணத்தன்று முதலாளி வண்டியைக் கொடுத்தார், மாப்பிள்ளையாக இருந்தும் நானே ஓட்டினேன், பட்டுச்சேலையும் வெள்ளை முக்காடுமாகப் பிலோ பின்னால். சேலம் கோயிலிலிருந்து ஏறிவந்தோம், தலைகீழாக நின்று ஓட்டினேன் என்று சொல்லலாம், அவ்வளவு கவனம். பதிமூன்றில் நிறுத்தச் சொல்லிக் கதவைத் திறந்து வாந்தி எடுத்தாள். "தொட்டிலாட்டம் ஆட்டுதுங்க உங்க வண்டி" என்றாள். அதுதான் அவள் என்னிடம் முதலில் பேசிய முழு வாக்கியம். அதற்கப்புறம் எங்கே போவதென்றாலும், "லூர்துவை வரச் சொல்லட்டுங்களா?" கோயில் திருவிழாவா, லூர்து வண்டி. பல் பிடுங்கவா, லூர்து வண்டி. ஊரே என்னை மெச்சும், மாவட்டத்து அதிகாரிகளெல்லாம் என் பின்னால் தூங்கியிருக்கிறார்கள், என் பெண்சாதி மட்டும் தம்பியின் பியட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து போவாள். வருஷா வருஷம் ஈஸ்டர் திங்கட்கிழமை அடிவாரத்திலிருந்து மேலே வரை நானும் லூர்துவும் போட்டி போடுவோம். நேர்சாலையில் அவன் போய்விடுவான், சின்ன இஞ்சின்தான், ஆனாலும் தாவும். மேல் வளைவுகளில் ஏற்றம் கூடும்போது அவன் முதல் கியருக்கு வருவான், நான் இரண்டாவதிலேயே இழுத்துக்கொண்டு போய்ப் பிடிப்பேன். யார் முந்தினாலும் மேலே ஏரிக்கரையில் நின்றுகொண்டு அவள் அவனுக்குத்தான் கை தட்டுவாள். கிண்டலுக்குத்தான். கிண்டலுக்குத்தான் என்று நாற்பத்தொரு வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, உங்க வண்டி நல்லா இருக்குதுங்க என்று சொல்லியிருக்கலாம்.

பத்தாம் வளைவு தாண்டியாகிவிட்டது, தண்ணீர் அப்படியே இருக்கிறது. கண்ணாடியில் நன்றாகத் தெரிகிறது, விளிம்பிலிருந்து அரை விரற்கடைகூட இறங்கவில்லை. லூர்துவும் திரும்பிப் பார்த்தான், மூக்குக்குக் கீழே மீசை மட்டும் கொஞ்சம் அகன்றது. சந்தோஷம் வரவேண்டிய இடம். அவளுக்கு ஒரு வண்டி கிடைத்துவிட்டது, அசையாமல் போகலாம். வரவில்லை. ஒன்பதாம் வளைவுக்கு முன்னால், தண்ணீர் வழிந்து வழிந்து சாலை அரித்துப்போன இடத்தில் ஒரு பள்ளம், முறத்தளவு. எனக்கு அது தெரியும். இருபது வருஷமாக அது எத்தனை தடவை மூடப்பட்டு எத்தனை தடவை திறந்தது என்றுகூடத் தெரியும். நேற்று அதைச் சுற்றிக்கொண்டு போனேன். இன்றைக்கும் அது முன்கூட்டியே என் இடுப்புக்கு வந்துவிட்டது, பார்த்தேன், திருப்ப நேரம் இருந்தது, இடம் இருந்தது, எதிரில் வண்டி இல்லை. கையைத் திருப்பவில்லை. டங்கென்று விழுந்து எழுந்தது. பின்னால் தம்ளர் சரிந்து தண்ணீர் சாக்கில் கறுப்பாகப் பரவியது, பாதிக்கு மேல் போய்விட்டது. நான் ஓட்டிக்கொண்டே இருந்தேன். சாக்கில் ஊறுகிற அந்த ஈரத்தைப் பார்த்தபோதுதான் அது மூட்டை இல்லை என்று உறைத்தது. அவளைத்தான் நான் அந்தப் பள்ளத்தில் இறக்கினேன். சின்னப் புத்தி. அறுபத்தேழு வயசில், வீட்டில் அவள் அப்படிக் கிடக்கும்போது, எனக்கு இன்னும் ஜெயிக்க வேண்டியிருக்கிறது.

"நிறுத்துங்க மாமா" என்றான் லூர்து. எட்டாம் வளைவில் ஓரமாக நிறுத்தினேன். மூங்கில் ஒன்றோடொன்று உரசிக் கிறீச்சிட்டது. "அந்தப் பள்ளத்தைப் பாத்தீங்க. நீங்க பாத்ததை நான் பாத்தேன்." ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தேன். "இது ஈஸ்டர் போட்டி இல்ல மாமா. எங்க அக்கா." தெரியும் என்றேன். என்ன தெரியும் என்றான். என்னைவிட ஏழு வயசு சின்னவன், தலை எனக்கு முந்தி நரைத்துவிட்டது. பின்னால் திரும்பித் தம்ளரை நிமிர்த்தினான், மூட்டையை ஒரு கையால் அசைத்துப் பார்த்தான், அசையவில்லை. "என்ன எடை இது?" "அறுபத்திரண்டு." "எதுக்கு?" "பிலோ எடைக்குத்தான்." அவன் என்னையே பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான், ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு ஏறிப்போகிற வரைக்கும். "மாமா, அக்கா இப்ப முப்பத்தாறு. போன வாரம் ஆஸ்பத்திரியில எடை போட்டாங்க. சீட்டுல எழுதியிருக்கு." நான் வைப்பரைத் துடைத்துக்கொண்டிருந்த நேரம். அறுபத்திரண்டு என்பது ஏழு வருஷத்துக்கு முந்தின கணக்கு, காப்பிப் பழம் பறிக்கிற சமயம் எஸ்டேட் தராசில் விளையாட்டாக ஏறி உட்கார்ந்தாள், நான் முள்ளைப் பார்த்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி "அறுபத்திரண்டு!" என்று கத்தினேன், பறிக்கிற பெண்களெல்லாம் சிரித்தார்கள், பிலோ இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அதற்கப்புறம் அவள் எடை எனக்குள் அப்படியே நின்றுவிட்டது. கூடவேதான் இருக்கிறேன். தூக்குவதும் துடைப்பதும் ரெஜினாதான், பொம்பளைக்குத்தான் லாவகம் தெரியும், நான் வண்டியைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தேன். மூன்று மாசமாக வண்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அடிவாரத்தில் டீக்கடைக்குப் பக்கத்தில் ஒரு காய்கறிக் கடை, அங்கே தராசு இருந்தது. அரிசிப் பையை லூர்து எடுத்துக் கீழே வைத்தான், பன்னிரண்டு போயிற்று. இன்னும் பதினாலு போக வேண்டும். மூட்டையின் வாய்த் தையலைப் பிரித்து, கடைக்காரரிடம் ஒரு காலிப் பை வாங்கி, காப்பிக்கொட்டையைக் கையால் அள்ளிப் போட்டேன். லூர்து முறம் கேட்டு வாங்கிவந்தான், வேண்டாம் என்றேன். ஒரு கை, இரண்டு கை. இது கன்னத்தில் போனது. இது கையில், வளையல் முழங்கை வரை ஏறிவிட்டதே, அந்த இடத்தில் போனது. இது தொடையில். எவ்வளவு அள்ளினாலும் தராசு ஒன்பது என்றது, பத்து என்றது. இவ்வளவா. இவ்வளவும் என் கண் முன்னால் என் வீட்டுக்குள்ளேயே போயிருக்கிறது, நான் ஆயில் மாற்றிக்கொண்டிருந்தேன். "காப்பிக்கொட்டை விக்கிறீங்களாண்ணா?" என்று கடைக்காரர் கேட்டார். லூர்து அவரை ஓரமாக அழைத்துப் போய் என்னவோ சொன்னான். பதினாலு வந்ததும் மூட்டையைக் கட்டினேன். முன்னே அது ஸீட்டை அடைத்துக்கொண்டு படுத்திருந்தது, இப்போது மடங்கித் துவண்டு ஒரு மூலையில் கிடந்தது. புதுசாகத் தண்ணீர் பிடித்துத் தம்ளரை அதன் மேல் வைத்தேன். நீயே ஓட்டு என்றேன். "நீங்கதான் ஓட்டணும் மாமா, திங்கக்கிழமை நீங்கதானே ஓட்டப் போறீங்க" என்றான்.

ஓட்டினேன். ஆண்டவர் சாட்சியாக ஒழுங்காக ஓட்டினேன், முதலாளியின் வேட்டிக்கு ஓட்டியதைவிட ஒழுங்காக. ஒரு பள்ளத்தில்கூட இறக்கவில்லை, மாட்டுவண்டி வேகம், பின்னால் வந்த கார்க்காரர்களெல்லாம் திட்டிக்கொண்டே தாண்டிப் போனார்கள். இரண்டாம் வளைவிலேயே தண்ணீர் துள்ளிவிட்டது. பள்ளம்கூட இல்லை, தார் போட்டு ஒட்டின ஒரு தையல். வில் அமுங்கினால்தானே வாங்கிக்கொள்ளும், அமுங்க எடை வேண்டும். எடை இல்லாவிட்டால் அது கட்டை. முப்பத்தாறு கிலோவுக்கு எந்த வில்லும் அமுங்காது, உதறும். அப்படியானால் அம்பாசிடர். அம்பாசிடர் இதைவிட மோசம், அது ஆறு பேரையும் அவர்கள் பெட்டி படுக்கையையும் சுமக்கச் செய்த வண்டி, அதன் வில் இன்னும் தடி. நேற்றைய இரண்டு விரற்கடை அறுபத்திரண்டு கிலோக்காரி ஒருத்திக்கு, அவள் இப்போது இல்லை. டிக்கியில் மூட்டை ஏற்றலாமே. ஏற்றலாம், நான்கு மூட்டை ஏற்றினால் வில் உட்கார்ந்துவிடும், ஏன் முதலிலேயே தோன்றவில்லை. ஏழாம் வளைவில் இது தோன்றி, எனக்கு அப்படியே முகத்தில் காற்றடித்த மாதிரி இருந்தது. லூர்துவிடம் சொல்ல வாயெடுத்தேன். எட்டில் அந்த யோசனை போய்விட்டது. வண்டியை ஏமாற்றலாம், ஸீட்டை என்ன செய்வது. ஸீட்டுக்குள்ளும் வில்தான், அதன் மேல் அவள் மட்டும்தான் படுக்க வேண்டும், அவளுக்கு மேல் மூட்டை வைக்க முடியாது. மெத்தை போட்டாலும் மெத்தையிலும் அதே கதை. அமுங்குகிற அளவுக்கு அவளிடம் எதுவும் மிச்சமில்லை. பதிமூன்று. பதினாலு. இதற்கு மேல் கண்ணாடியில் பார்க்கவில்லை. கொண்டுபோனால் உடையும், கொண்டுபோகாவிட்டால் வலி. நாற்பத்தொரு வருஷம் இரண்டு முட்டாள்கள் எந்த வண்டி நல்ல வண்டி என்று சண்டை போட்டோம், இரண்டும் ஒன்றுதான், இரண்டும் ஆள் இருந்தால்தான் நல்ல வண்டி. லூர்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கர்ச்சீப்பால் மூக்கைத் துடைத்தான்.

வாசலில் நிறுத்திப் பின்கதவைத் திறந்து தம்ளரை எடுத்தேன். அடியில் ஒரு விரற்கடை இருந்தது. மூட்டை முழுக்க ஈரம். நான் நேராக உள்ளே போனேன், வண்டியைப் பூட்டவில்லை, கண்ணாடி துடைக்கவில்லை. ரெஜினா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். பிலோ கண்ணை மூடியிருந்தாள், ஆனால் "லூர்து வண்டி" என்றாள், சத்தத்தை வைத்தே அவளுக்குத் தெரியும். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தால் குலுங்கும் என்று தரையில் முட்டி போட்டேன். "எது ஜெயிச்சுது?" என்றாள். லூர்து வாசற்படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டே நின்றான், கழற்றி முடிக்கவில்லை. பியட் என்றேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "நெசமாவா?" "நெசமாத்தான். உன் தம்பி வண்டிதான் நல்ல வண்டி." சிரித்தாள், உதடு மட்டும். "அப்பயே சொன்னேனில்ல, நீங்க எங்க கேட்டீங்க." கேட்கவில்லை, ஆமாம். "எவ்ளோ சிந்துச்சு?" "ஒரு சொட்டு சிந்தல." கண்ணை என் முகத்திலேயே வைத்திருந்தாள். அப்புறம், "அப்ப திங்கக்கிழமை அதுலயே போயிரலாம். பயமா இருந்துச்சுங்க எனக்கு" என்றாள். தம்ளர் என் கையில்தான் இருந்தது, மறைக்க மறந்துவிட்டேன். "அந்தத் தண்ணியத்தான் குடுங்களேன், தொண்டை காயுது." இடது கையைத் தலைக்கடியில் கொடுத்துத் தூக்கினேன், மூன்று மாசத்தில் முதல் தடவை, வெறும் கையைத் தூக்கின மாதிரி இருந்தது. தம்ளரைச் சாய்த்தேன். ஒரு வாய், இன்னொரு அரை வாய். உதட்டால் தள்ளினாள். "போதும்ங்க, இவ்ளோ தண்ணிய யாரு குடிக்கிறது" என்று மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். அந்த ஒரு விரற்கடையில் பாதி அப்படியே இருந்தது.